செம்பூர் அம்மா

முப்பத்தொன்பது வயதில் வயிற்றில் குழந்தை தங்கியபோது, அது குழந்தை என்று அபயாம்பாளுக்கே தெரியவில்லை. மாதவிலக்கு நின்றது. நிற்கிற வயசுதானே என்று இருந்துவிட்டாள். மாதுங்காவில் அவர்கள் குடியிருந்த கட்டிடத்தில் அவள் வயதுக்காரிகள் ஒன்றிரண்டு பேருக்கு அப்படித்தான் ஆகியிருந்தது. "விட்டது தொல்லை, இனிமே பண்டிகைக்கு நாள் எண்ண வேண்டாம்" என்று மாடிப்படியில் அவர்கள் சொல்லிச் சிரித்தபோது அவளும் கூடச் சிரித்தாள்.

துறைமுகத்தில் கப்பல் வெடித்துப் பம்பாயே ஆடிப்போன வருஷம் அது. ஆடி மாத மழையில் ரேஷன் கடை வாசலில் பையும் குடையுமாக நின்றுகொண்டிருந்தபோது, அடிவயிற்றில் யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டினாற்போல் இருந்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி தட்டியது. இரண்டு பெற்றவள். மனசு மறந்திருந்தாலும் உடம்பு மறக்கவில்லை. முன்னால் நின்றவள் நகர்ந்ததும், பின்னால் இருந்தவர்கள் "சலோ, சலோ" என்று நெருக்கியதும் அவள் புத்தியில் ஏறவில்லை. அரிசி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

மூத்தவள் ஷ்யாமளாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். செம்பூரில் இருக்கிறாள். இரண்டு தரம் உண்டாகி இரண்டும் கலைந்துபோயிற்று. இளையவன் பஞ்சு காலேஜில் படிக்கிறான், மீசை அரும்பிவிட்டது. இந்த வீட்டில் போய்த் தொட்டில் கட்டுவதா? நினைக்கும்போதே அபயாம்பாளுக்குக் காது மடல் எரிந்தது.

சாயங்காலம் ரெயில்வே ஆபீஸிலிருந்து வந்த கணவர் அனந்தநாராயணனிடம் காப்பியைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நன்னாத் தெரியுமா?"

"தெரியும்."

"பஞ்சு இருக்கானே..." என்றார். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "சம்பந்தியாத்துல என்ன சொல்லுவா?" என்றார். அப்புறம் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு சமாஜத்துக் கோயிலுக்குப் போய்விட்டார். அவர் மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. திருடிவிட்டு அகப்பட்டுக்கொண்ட பையனைப் போல அவ்வளவு தலைகுனிந்து போனார் மனிதர்.

கட்டிடத்துக்குக் கீரை கொண்டுவருகிற பெண் தாராவிக்காரி. அவளிடம் பட்டும் படாமலும் விசாரித்ததில் மதீனா பீவி என்ற மருத்துவச்சியைப் பற்றிச் சொன்னாள். பஞ்சு காலேஜுக்குப் போன பிறகு அபயாம்பாள் தலையைப் போர்த்திக்கொண்டு கீரைக்காரியோடு நடந்தாள். சயான் பக்கம் திரும்பியதுமே தோல் பதனிடுகிற வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சகதியில் கல் போட்டு நடைபாதை செய்திருந்த சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த அந்த நடுத்தர வயசுக்காரி பாயை விரித்து அவளைப் படுக்கச் சொன்னாள். வயிற்றைப் பதமாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

"அஞ்சு மாசத்தத் தொட்டுட்டும்மா. இனி கை வச்சா ரெண்டு உசுரும் போயிரும். நான் செய்ய மாட்டேன்."

"வேற மருந்து ஏதாவது..."

"எந்த மருந்தும் தர மாட்டேன். வேற எவளாச்சும் தந்தாலும் வாங்கித் தின்னுராதீங்க." பீவி அவளைத் தூக்கி உட்கார வைத்தாள். "பிள்ள இல்லன்னு எத்தன பொம்பளைங்க எங்கிட்ட வந்து அழுதுட்டுப் போறாங்க தெரியுமா? நீங்க இதப் போயி வேண்டாங்கிறீங்களே?"

"என் பொண்ணே அழுதுண்டுதான் இருக்கா" என்றாள் அபயாம்பாள். சொன்ன பிறகுதான் தான் எதற்காக வந்தோம் என்பது அவளுக்கே விளங்கியது. ஊர் சிரிக்குமே என்பதற்காக இல்லை. ஷ்யாமளாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதற்காகத்தான். அந்தப் பாயில் உட்கார்ந்தபடியே வாயில் முந்தானையை வைத்து அழுதாள். பீவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கோகுலாஷ்டமிக்கு ஷ்யாமளா வந்தாள். அபயாம்பாள் மடிசாரைத் தளர்த்திக் கட்டி, உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் சீடை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டதே என்று சட்டென்று எழுந்தவள், பழக்க தோஷத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். ஷ்யாமளா பார்த்துவிட்டாள்.

"அம்மா, நீ முழுகாம இருக்கியா?"

அபயாம்பாள் சீடையை எண்ணெயில் போட்டாள்.

"கேக்கறேனே, சொல்லேன்."

"ஆமாம்டி."

ஷ்யாமளா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாவுக் கையைப் பாத்திரத்தின் விளிம்பில் மெதுவாக வழித்தாள். "நான் வெள்ளிக்கிழமை தவறாம விளக்குப் பூஜை பண்றேன். அரச மரத்தைச் சுத்தறேன். டாக்டர் குடுத்த கசப்பெல்லாம் குடிக்கறேன். நீ ஒண்ணுமே பண்ணலை. உனக்கு வந்துடுத்து, இல்லையா?"

"நான் கேக்கலைடி ஷ்யாமு. சத்தியமா நான் கேக்கலை."

"அதான்மா எனக்குத் தாங்கலை" என்றாள் ஷ்யாமளா. கிருஷ்ணர் பாதம் போடாமல், சாப்பிடாமல், மழையோடு கிளம்பிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நவராத்திரியில் ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. தாம்பூலம் வாங்கக்கூட உட்காராமல் நின்றபடியே பேசினாள். மாமியார் அகிலாண்டம் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிள்ளைக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். தை பிறந்ததும் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகப் போகிறாளாம். ஷ்யாமளாவின் புருஷன் சந்திரமௌலி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை.

"அம்மா, எனக்குக் குடுத்துடு."

"எதைடி?"

"உன் வயத்துல இருக்கறதை."

"எடுத்துக்கோ" என்றாள் அபயாம்பாள்.

ஒரு புடவையைக் கேட்டால் எடுத்துக் கொடுப்பதுபோல அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். மார்பிலிருந்து கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. வேண்டாத இடத்தில் முளைத்தது வேண்டிய இடத்துக்குப் போகப் போகிறது. பகவான் ஏதோ கணக்காகத்தான் செய்திருக்கிறார் என்று அன்றைக்கு விளக்கேற்றும்போது நினைத்தாள். அனந்தநாராயணனுக்கும் அப்போதுதான் முகம் தெளிந்தது. அகிலாண்டம் நேரில் வந்து, பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேச்சை வெட்டு ஒன்று துண்டு ரெண்டாக முடித்தாள்.

"கொழந்தை எங்காத்துக் கொழந்தை. நீங்க அதுக்குப் பாட்டி. அதுக்கு மேல ஒட்டும் உறவும் வேண்டாம். பின்னாடி மனசு மாறப்படாது, கேட்டேளா மாமி?"

"மாறாது" என்றாள் அபயாம்பாள்.

மார்கழியில் பெண் பிறந்தது. பெண் என்றதும் அகிலாண்டத்தின் உதடு சுழித்தது. "சரி, இது வந்த அதிர்ஷ்டத்துல அடுத்தது பிள்ளையாப் பொறக்கட்டும்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கல்பாத்திப் பேச்சு நின்றது. அம்மாவுக்குப் பெண் பிரசவம் பார்த்த அதிசயம் அந்த வீட்டில் நடந்தது. ஷ்யாமளாதான் லேகியம் கிளறினாள், பத்தியம் வடித்தாள், குழந்தையை மடியில் போட்டுக் குளிப்பாட்டினாள். விசாலாட்சி என்று பெயர் வைத்து விசாலி என்று கூப்பிட்டார்கள். பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் குழந்தை அபயாம்பாளிடம் வரும். குடித்து முடித்ததும் ஷ்யாமளா கையை நீட்டுவாள். அபயாம்பாள் கொடுத்துவிடுவாள். ஆனால் குழந்தை முழுக்கக் குடித்த பிறகும், இன்னும் குடித்துக்கொண்டிருப்பதுபோல முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அது ஷ்யாமளாவுக்குத் தெரிந்தும் இருக்கலாம்.

ஆனி மாதம் நல்ல நாள் பார்த்துக் குழந்தையைக் கொண்டுபோனார்கள். ஷ்யாமளா குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்து, பச்சைத் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டபோது அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெற்றவள் பார்த்துப் பூரிக்க வேண்டிய முகம்தான். அபயாம்பாளும் பார்த்தாள். வண்டி கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பும் வரை வாசலில் நின்றாள்.

பால் கட்டிக்கொண்டு ஜுரம் வந்தது. பூக்கடையிலிருந்து மல்லிகைப் பூ வாங்கி மார்பில் வைத்து இறுகக் கட்டிக்கொண்டாள். பால் வற்ற அது கைகண்ட வைத்தியம். கட்டிடத்தில் எங்கே ஒரு குழந்தை அழுதாலும் ரவிக்கை நனைந்தது. பூ வாடி, மறுபடி புதுப் பூ வைத்து, அதுவும் வாடி, பால் ஒருவழியாக நின்றது. அழுகைதான் நிற்கவில்லை. ஆனால் யாரிடம் போய் அழுவது? 'வேண்டாம் வேண்டாம் என்றுதானே சொன்னாய்' என்று அனந்தநாராயணன் கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கவில்லை. "பொண்ணாத்துலதானே இருக்கு, அசலாத்துலயா?" என்று மட்டும் ஒரு தரம் சொன்னார். குழாயடியில் பாத்திரம் தேய்க்கிறபோது அழுதுகொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது.

செம்பூருக்கு எப்போதாவதுதான் போவாள். அடிக்கடி போனால் அகிலாண்டத்துக்குப் பிடிக்காது. போனால், "விசாலி, பாட்டி வந்திருக்கா பாரு" என்று ஷ்யாமளா சொல்லுவாள். குழந்தை ஷ்யாமளாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கும். பேச்சு வந்தது, நடை வந்தது, "அம்மா அம்மா" என்று ஷ்யாமளாவின் பின்னாலேயே தோட்டமெல்லாம் சுற்றியது. அபயாம்பாள் பலகாரப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

அப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் போயிற்று. யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு, ஒரு நாள் ஷ்யாமளா முழுகாமல் இருக்கிறாள் என்று சந்திரமௌலியே ஆபீஸ் போகிற வழியில் வந்து சொல்லிவிட்டுப் போனான். இந்தத் தடவை தங்கிவிட்டது. பிரசவத்துக்கு மாதுங்காவுக்கு வந்தாள், விசாலியோடு. பிள்ளை பிறந்தது. அகிலாண்டம் கட்டிடம் பூராவுக்கும் கற்கண்டு கொடுத்தாள்.

செம்பூர் திரும்புவதற்குச் சில நாள் முன்பு, ஷ்யாமளா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சன்னக் குரலில் சொன்னாள்:

"அம்மா, விசாலி கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

"கொஞ்ச நாள்னா?"

ஷ்யாமளா தலை நிமிரவில்லை. "ரெண்டையும் என்னால பார்த்துக்க முடியாதுங்கறா அவர் அம்மா. இவன்தான் தலைச்சன், நாளைக்கு ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பேச்சு வரப்படாதுங்கறா. அது வந்த காரியம் ஆயிடுத்தே, இனி பெத்தவாளே வச்சுக்கட்டுமேங்கறா." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. "நான் எவ்வளவோ சொன்னேன்மா. அவரும் வாயைத் திறக்கலை."

அபயாம்பாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. குழந்தை என்ன, அடுப்பு பற்றவைக்கிற விறகுத் தூளா, பற்றினதும் ஒதுக்க? ஆனால், பொய் சொல்லக்கூடாது, அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. திரும்பி வருகிறாள். என் குழந்தை என்னிடமே வருகிறாள். அந்தச் சந்தோஷம்தான் அவள் வாயை அடைத்தது. சண்டை போட்டிருக்கலாம். செம்பூருக்குப் போய் அகிலாண்டத்தின் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

அவர்கள் கிளம்புகிற நாளன்று விசாலியை ஃபைவ் கார்டன்ஸுக்கு அழைத்துப் போனதும் அவள்தான். ஊஞ்சல் ஆட வைத்தாள், கடலை வாங்கிக் கொடுத்தாள். குழந்தை போதும் போதும் என்கிற வரை விளையாடிவிட்டு, அம்மாவுக்கும் தம்பிக்கும் என்று கையில் கொஞ்சம் கடலையை மூடி வைத்துக்கொண்டு வந்தது. வீட்டில் தொட்டில் துணி இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை. அறை அறையாகப் போய்ப் பார்த்தது. குளியலறைக் கதவைத் தட்டி "அம்மா" என்றது.

"அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துடுவா" என்றார் அனந்தநாராயணன்.

அன்று தொடங்கிய அழுகை. காலையில் எழுந்ததும் தன் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே உட்கார்ந்துவிடும். "செம்பூருக்குப் போலாம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அபயாம்பாள் சாதம் பிசைந்து கொண்டுபோனால், "நீ வேண்டாம்" என்று கையைத் தட்டிவிடும். பஞ்சு தோளில் தூக்கிக்கொண்டு ரெயில் காட்டப் போவான், எந்த வண்டி வந்தாலும் "இது செம்பூருக்குப் போற வண்டியா?" என்று கேட்டுக் கேட்டு அவனும் கண் கலங்கித் திரும்புவான். ஒரு மத்தியானம் நல்ல ஜுரம். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், கண்ணைத் திறக்காமலே "அம்மா" என்றது குழந்தை.

"என்னடா கண்ணா, அம்மா இங்கதான் இருக்கேன்" என்றாள் அபயாம்பாள். அந்த வார்த்தையை அவள் அந்தக் குழந்தையிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது. "நீ இல்லை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

ஜுரம் விட்டதும் அபயாம்பாள் யாரையும் கேட்கவில்லை. குழந்தைக்குத் தலைவாரிப் பூ வைத்து, நல்ல கவுன் போட்டு, மாதுங்கா ஸ்டேஷனில் ரெயிலேறினாள். குர்லாவில் இறங்கி மான்குர்ட் வண்டிக்கு மாறினார்கள். ஜன்னல் வழியாக வந்த கரிப்புகையில் குழந்தைக்குக் கண் எரிந்தது. ஆனாலும் சிரித்தது. இத்தனை நாளில் அதன் சிரிப்பை அன்றுதான் பார்த்தாள்.

செம்பூர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. விசாலி உள்ளே ஓடினாள். ஷ்யாமளா மடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையும் தன்னால் நீண்டன, பிள்ளை வீறிட்டான், மறுபடி அவனைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையால் விசாலியை இழுத்துத் தலையை முகர்ந்தாள். கண்ணீர் பூவின் மேல் விழுந்தது. விசாலி அம்மாவின் மடியில் இடம் தேடினாள். இடமில்லை. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

உள்ளேயிருந்து வந்த அகிலாண்டம் வள்ளென்று விழவில்லை. குழந்தை கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, இனிமையாகவே கேட்டாள்: "அக்காவைப் பார்க்க வந்தியாடி குட்டி?"

விசாலி பழத்தையும் ஷ்யாமளாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷ்யாமளா அப்படியில்லை என்று சொல்லவில்லை. அம்மா மறுத்துச் சொல்லுவாள் என்று குழந்தை காத்துக்கொண்டிருந்தது அபயாம்பாளுக்குத் தெரிந்தது.

கொல்லையில் துணி உலர்த்துகிற சாக்கில் ஷ்யாமளா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே கூட்டிண்டு வராதேம்மா. என்னால முடியலை. அது மறந்துடும்மா, சின்னதுதானே. என்னாலதான் மறக்க முடியாது."

"நீயும் நானும் அதைக் கைக்குக் கை மாத்திண்டோம்டி" என்றாள் அபயாம்பாள். "யாருக்கு என்ன வேணும்னு பார்த்தோம். அதுக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் பார்க்கலை." பெண்ணைத் திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். திட்ட வரவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கோ, பச்சை உடம்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

குழந்தை வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும், பிடித்து இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று பயந்திருந்தாள். விசாலி தானாகவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஷ்யாமளா கையசைத்தபோது திருப்பி அசைக்கவில்லை. ஸ்டேஷன் வரை ஒரு பேச்சில்லை. அழுகையும் இல்லை. அழுகை நிற்க வேண்டும் என்று இருக்கிற தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது அது வாய்விட்டு அழுதால் தேவலை என்று இருந்தது.

வண்டி நகர்ந்த பிறகு கேட்டாள்: "செம்பூர் அம்மா எனக்கு அக்காவா?"

பெண்கள் பெட்டியில் எதிரே ஒரு மராத்திக்காரி காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அபயாம்பாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாம்."

"அப்போ நீ?"

இந்தக் கேள்விக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். பதில் தொண்டைவரை வந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆசை இல்லை. இனி எதை நம்புவது என்று பார்க்கிற ஒரு ஜாக்கிரதைதான் இருந்தது, மூன்றரை வயசில். அந்த முகத்துக்கு முன்னால் 'நான்தான் அம்மா' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"உனக்கு என்ன தோணறதோ அப்படிக் கூப்பிடு" என்றாள்.

விசாலி யோசித்துக்கொண்டே வந்தாள். குர்லாவில் வண்டி மாறும்போது கூட்டம் நெருக்கியது. அபயாம்பாளின் விரலைப் பிடித்துக்கொண்டாள். மாதுங்காவில் இறங்கிய பிறகும் விடவில்லை. ஆனால் கூப்பிடவில்லை.

அப்புறமும் அவள் அம்மா என்றோ பாட்டி என்றோ கூப்பிட்டதில்லை. பசித்தால், தாகமெடுத்தால், தலை பின்ன வேண்டுமென்றால், சமையலறை வாசலில் வந்து நிற்பாள். அபயாம்பாள் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். பார்க்காவிட்டால் கிட்டே வந்து, முந்தானை நுனியை ஒரு விரலால் தொட்டு, "கேட்டியா" என்பாள்.